மதகு உடைஞ்ச ஒழுங்கையிலை மைக் பிடிச்ச கதை

மைக் பிடிக்கிற தொழில் எண்டால், ஊரிலை ஒருத்தரும் அறிய ஆசைப்படாத கதையை ஊர் முழுக்கக் கேக்கப்பண்ணுற தொழில்.

ஓட்டோவுக்கு மேலை ரெண்டு ஸ்பீக்கர், உள்ளுக்கை ஒரு பற்றறி, கையிலை மைக். இவ்வளவுதான் என்ரை சவுண்ட் சேர்விஸ். செத்தவீடு, கோயில் திருவிழா, ரியூசன் வகுப்பு, உடுப்புக்கடை மலிவு விற்பனை, கட்சிக் கூட்டம், அரசாங்க அறிவித்தல், எல்லாத்துக்கும் இந்த ஒரு வாய்தான். படிப்பு எனக்கு ஏறேல்லை. ஆனால் ஆரைப்போல வேணுமெண்டாலும் கதைச்சுக் காட்டுவன். பள்ளிக்கூடத்திலை அதிபரைப்போலக் கதைச்சு அடி வாங்கினன். இப்ப அமைச்சரைப்போலக் கதைச்சுச் சோறு தின்னுறன்.

உங்களுக்குச் சொல்லவேணுமே. பேப்பரை விரிச்சால் அவையின்ரை முகம். போனைத் திறந்தால் அவையின்ரை முகம். றோட்டுக்கு வந்தால் பலகையிலை அவையின்ரை முகம். சரி, மத்தியானம் கொஞ்சம் கண்ணயருவம் எண்டு சரிஞ்சால் என்ரை சத்தம். நீங்கள் படுற ஆக்கினையிலை அரைவாசி என்னாலைதான், ஒத்துக்கொள்ளுறன். ஆனால் பாருங்கோ, நீங்கள் யன்னலைச் சாத்தலாம். ஸ்பீக்கருக்குக் கீழை இருக்கிற நான் எதைச் சாத்திறது? ஒரு கையிலை ஹாண்டில், மற்றக் கையிலை மைக், காதைப் பொத்த மூண்டாவது கை இல்லை.

கட்சியளின்ரை உண்மைப் பேரைச் சொன்னால் நாளைக்கு எனக்கு ஓட்டம் வராது. அதாலை ஒண்டுக்கு முருங்கைக்காய்க் கட்சி எண்டும் மற்றதுக்குக் கத்தரிக்காய்க் கட்சி எண்டும் வைப்பம்.

ஒரு வாய், மூண்டு கட்சி

ஒருநாள் நல்லூர்ப் பக்கம் மூண்டு ஓட்டம் ஒண்டா வந்திட்டுது. காலமை முருங்கைக்காய். அவைக்கு இடி முழங்கிற குரல் வேணும், கேக்கிறவன்ரை நெஞ்சு அதிரவேணும். மத்தியானம் கத்தரிக்காய். அவைக்கு அழுகிற குரல், தாய்மார் கண்ணைத் துடைக்கவேணும். பின்னேரம் ஒரு சுயேச்சைக் குழு. அவை பெடியள், ரேடியோவிலை கதைக்கிறமாதிரி மூச்சு விடாமல் கதைக்கட்டாம். நானும் ஒரே ஓட்டோவிலை, ஒரே சேட்டோடை, கொடியை மட்டும் மாத்திக் கட்டிப்போட்டு மூண்டு தரம் கோயிலடியைச் சுத்தினன்.

கோயில் வீதியிலை ஒரு அக்கா கச்சான் கடலை விக்கிறா. காலமை நான் போகேக்கை அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தா. மத்தியானம் வறுத்துக்கொண்டிருந்தா. பின்னேரம் வித்துக்கொண்டிருந்தா. மூண்டாம் தரம் கையைக் காட்டி ஓட்டோவை மறிச்சா. ஏச்சு விழப்போகுது எண்டு நினைச்சு மைக்கை நிப்பாட்டினன். அவ ஒரு சுருள் கச்சானை உள்ளுக்கை நீட்டினா.

"காலமை கத்தரிக்காய்க்காரனைக் கள்ளன் எண்டாய். மத்தியானம் முருங்கைக்காய்க்காரனைக் கள்ளன் எண்டாய். பின்னேரம் ரெண்டுபேரும் கள்ளர் எண்டாய். மூண்டு தரமும் நீ உண்மைதான் சொன்னாய் தம்பி, இந்தா சாப்பிடு."

கதிரையிலை போற பயணி

இனி எங்கடை ஒழுங்கைக்கு வாறன், என்ரை வயித்தெரிச்சல் முழுக்க அங்கைதான் கிடக்கு. நாங்கள் இருக்கிறது அரியாலையிலை, கடலேரிப் பக்கம். றோட்டிலையிருந்து ஒழுங்கை துவங்கிற வாசலிலை ஒரு வாய்க்கால் குறுக்கை போகுது, அதுக்கு மேலை ஆள், வாகனம் போக ஒரு மதகு இருந்தது. போன மாரியிலை அது இடிஞ்சு வாய்க்காலுக்கை விழுந்திட்டுது. நாங்கள் ரெண்டு பனங்குத்தியைப் பக்கத்திலை பக்கத்திலை போட்டு நடக்கிறம். சைக்கிளைத் தோளிலை தூக்கிக்கொண்டு கடக்கலாம். ஓட்டோ உள்ளுக்கை வராது. என்ரை ஓட்டோ ராப்பகலா றோட்டிலைதான் நிக்கும்.

எனக்கு அது கரைச்சல் மட்டும்தான். ஒழுங்கைக்குள்ளை இருக்கிற செல்லத்துரை அண்ணைக்கு அது உயிர்ப் பிரச்சினை. ஆள் முந்தி பஸ் கொண்டக்ரர். இப்ப ரெண்டு சிறுநீரகமும் பழுது. கிழமையிலை ரெண்டு தரம் பெரியாசுபத்திரிக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்யவேணும். ஒரு நாள் தவறினாலும் கால் வீங்கி மூச்சு முட்டும். குத்தியிலை நடக்க அவராலை ஏலாது. அதாலை ஒரு பிளாஸ்ரிக் கதிரையிலை இருத்தி, இந்தப் பக்கம் நான் ஒரு குத்தியிலை, அந்தப் பக்கம் முன்வீட்டுத் தவமணி அக்கா மற்றக் குத்தியிலை, நடுவிலை அவரைத் தூக்கிக்கொண்டு போவம். அவர் கதிரையிலை இருந்துகொண்டு "பின்னுக்கு இடமிருக்கு, பின்னுக்குப் போங்கோ, றைற்" எண்டு கத்துவார். தவமணி அக்காவுக்குச் சிரிப்பு வந்து கை தளரும். கீழை வாய்க்கால், சேறு, உடைஞ்ச கொங்கிரீட். எனக்குச் சிரிப்பு வாறதில்லை.

ஒருநாள் ஆசுபத்திரியாலை திரும்பி வரேக்கை, சபைக் கந்தோருக்கு விடு எண்டு நிண்டார். கையிலை ஊசி குத்தின பிளாஸ்ரரோடை உள்ளுக்கை போனார். அங்கை இருந்த உத்தியோகத்தர் நல்ல மரியாதையான மனிசன். கதிரை குடுத்தார். மதகைப் பற்றித் தங்களுக்குத் தெரியுமாம். ஆனால் காசு இல்லையாம், ஒதுக்கீடு வரேல்லையாம். பின்னாலை சுவரிலை புதுசா அடிச்ச கலண்டர், மாசத்துக்கு ஒரு தலைவர், பன்ரெண்டு மாசமும் சிரிக்கினம். செல்லத்துரை அண்ணை கலண்டரையும் பாத்தார், உத்தியோகத்தரையும் பாத்தார்.

"தம்பி, நான் கொண்டக்ரரா இருந்தனான். சில்லறை இல்லை எண்டு எத்தினை சனத்துக்குச் சொல்லியிருப்பன். அப்பவெல்லாம் சில்லறை என்ரை பையுக்கைதான் கிடந்தது."

கட்டின மதகாலை வா

அதுக்குப் பிறகு வந்ததுதான் மக்களுக்குத் தகவல் சொல்லுற வாரம். அரசாங்கம் என்னென்ன செய்து முடிச்சிருக்கு எண்டு ஊர் ஊராச் சொல்லவேணும். எனக்கு ஒரு பேப்பரும், பெட்டி பெட்டியாப் புத்தகமும் தந்தவை. புத்தகம் பளபளப்புத் தாளிலை அடிச்சது, மழை பெய்தாலும் நனையாது. தவமணி அக்கா அதிலை ஒண்டை வாங்கிக் கூரை ஒழுக்குக்குக் குடுத்துப் பாத்தா, உண்மையாவே நனையேல்லை.

இந்த வேலையிலை ஒரு வில்லங்கம் இருந்தது. ஒவ்வொரு சந்தியிலையும் நிண்டு வாசிச்சதைப் போனிலை வீடியோ எடுத்து அனுப்பவேணும். அனுப்பினால்தான் காசு. எங்கடை ஒழுங்கை வாசலும் அவையின்ரை கணக்கிலை ஒரு சந்தி. நான் என்ன செய்யிறது? ஓட்டோவை வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நிப்பாட்டிப்போட்டு, செய்தி வாசிக்கிறவரின்ரை குரலை எடுத்தன். "உங்கள் பிரதேசத்தில் பழுதடைந்திருந்த மதகுகள் அனைத்தும் புனரமைக்கப்பட்டு மக்கள் பாவனைக்குக் கையளிக்கப்பட்டுள்ளன." உடைஞ்ச மதகைப் பாத்துக்கொண்டு சொல்லியும் குரல் அசையேல்லை, தொழில் பாருங்கோ.

வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் தவமணி அக்கா ஆட்டைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு கடைசிச் சொல்லுமட்டும் கேட்டா. ஆடும் கேட்டது. நான் போனை மடக்கிப் பொக்கற்றுக்கை வைச்ச பிறகுதான் வாயைத் திறந்தா.

"சரி கணேசு, களைச்சுப்போனாய். அந்தக் கட்டின மதகாலை ஓட்டோவை ஒருக்கா இஞ்சாலை கொண்டு வா, தேத்தண்ணி ஊத்தித் தாறன்."

செத்தவீட்டுக் குரல்

எங்கடை பக்கத்திலை ஒரு வழக்கம் இருக்கு. கட்சி ஓட்டோ வந்தால் சனம் படலையைச் சாத்தும். செத்தவீட்டு அறிவித்தல் வந்தால் படலையைத் திறக்கும். அதுக்கு ஒரு முறை இருக்கு. சந்தியிலை ஓட்டோவை நிப்பாட்டி, இஞ்சினை நூத்து, சத்தம் அடங்கக் கொஞ்சம் பொறுத்து, பிறகுதான் வாயைத் திறக்கவேணும். "பிறப்பிடமாகவும்" எண்டு ஒரு இழுவை. "வதிவிடமாகவும்" எண்டு இன்னொரு இழுவை. அதுக்கிடையிலை அடுப்பிலை கறி எரிஞ்சாலும் சனம் வெளியிலை வரும். ஆர் எண்டு தெரியாமல் உள்ளுக்கை இருக்கேலாது.

முருங்கைக்காய்க் கட்சிக்கு எங்கடை பகுதியிலை இருக்கிற அமைப்பாளர் ஒருநாள் இதைக் கண்டிட்டார். அவரின்ரை கூட்டத்துக்கு ஒருநாளும் சனம் வாறதில்லை, கதிரையளுக்குத்தான் அவர் கதைக்கிறவர். "அந்தக் குரலிலை எங்கடை கூட்டத்தையும் ஒருக்காச் சொல்லும் ஐசே" எண்டார். நான் வேண்டாம் எண்டன். அவர் விடேல்லை. சரி, உடுவிலிலை ஒரே ஒரு சந்தியிலை சொல்லிப் பாப்பம் எண்டு போனன்.

இஞ்சினை நூத்தன். பொறுத்தன். ஊரை இழுத்துச் சொன்னன், அமைப்பாளற்றை பேரை இழுத்துச் சொன்னன். படலை படலையாத் திறக்குது. ஒரு அக்கா தேங்காய்ப்பூக் கையோடை வாறா. ஒரு ஐயா கண்ணாடியைக் கழட்டிக் கையிலை வைச்சுக்கொண்டு வாறார். எதிர்வீட்டு அம்மா "ஐயோ, எப்பவாம் மோனை?" எண்டு நெஞ்சிலை கையை வைச்சா. நான் அதே இழுவையிலை, "நாளை பிற்பகல் நாலு மணிக்கு, பொது மைதானத்தில், மாபெரும் மக்கள் சந்திப்பு" எண்டு முடிச்சன். அந்த ஐயா கண்ணாடியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கிட்ட வந்தார்.

"ஒருத்தரும் சாகாமல் எங்களைப் படலைக்குக் கூப்பிடக்கூடாது தம்பி. பழகிப்போனால் பிறகு செத்தவனுக்கும் வரமாட்டம்."

அதோடை அந்தக் குரலைச் செத்தவைக்கு மட்டுமெண்டு ஒதுக்கி வைச்சிட்டன்.

பலகை வந்திட்டுது

கதையை எங்கடை மதகடிக்கே கொண்டு வாறன். ஆவணி மாசக் கடைசி. மாரிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் கிடக்கு. மழை துவங்கினால் பனங்குத்தி வழுக்கும், கதிரை தூக்கேலாது. செல்லத்துரை அண்ணையை எப்பிடி ஆசுபத்திரிக்குக் கொண்டுபோறது எண்டதுதான் எங்கடை ஒழுங்கை முழுக்க ஒரே கதை. அப்பத்தான் ஒரு லொறி வந்து நிண்டது. சனம் ஓடிப்போய்ப் பாத்தால், இறங்கினது பலகை.

பலகையெண்டால் சும்மா பலகையில்லை. எங்கடை மதகைவிட அகலம். இந்த மதகு முருங்கைக்காய்த் தலைவரின்ரை பெருமுயற்சியாலை, அவரின்ரை நிதியிலை புனரமைக்கப்படுகுது எண்டு எழுத்து, பக்கத்திலை அவர் கும்பிடுற படம். ரெண்டு இரும்புக் காலை ஒழுங்கை வாசலிலை, சரியாக் குத்தி துவங்கிற இடத்திலை, கொங்கிரீட் போட்டு நட்டாங்கள். மதகு எங்கை எண்டு கேட்டன். அது அடுத்த கட்டமாம்.

அடுத்த நாள் ஆசுபத்திரி நாள். கதிரையைத் தூக்கிக்கொண்டு குத்தியிலை ஏறினால், தவமணி அக்காவின்ரை பக்கத்திலை பலகைக் கால் நிக்குது. ஆள் போக இடமில்லை. கதிரையைச் சரிச்சுப் பாத்தம், திருப்பிப் பாத்தம். கடைசியா அக்கா குத்தியை விட்டு வாய்க்காலுக்கை இறங்கி, முழங்காலளவு சேத்துக்கை நிண்டு தூக்கினா. தூக்கேக்கை அண்ணையின்ரை முழங்கால் பலகைக் காலிலை போய் நல்லா அடிபட்டுது. அவர் முழங்காலைத் தடவிக்கொண்டு அந்தக் கும்பிடுற படத்தைப் பாத்தார்.

"கலியாணம் பேசமுன்னம் பிள்ளைக்குப் பேர் வைச்சிருக்கிறாங்கள்."

நிப்பாட்ட மறந்த மைக்

அண்டைக்கு எனக்கு முருங்கைக்காய் ஓட்டமும் இருந்தது. என்ன செய்யிறது, ஒரே ஓட்டோ. பின்னாலை செல்லத்துரை அண்ணை, மேலை ஸ்பீக்கர். ஆசுபத்திரிக்குப் போற வழியெல்லாம் "அரியாலை மக்களின் நீண்டநாள் கனவு நனவாகிறது" எண்டு வாசிச்சுக்கொண்டு போறன். ஒரு இடத்திலை மினிபஸ் ஒண்டு குறுக்கை வந்திட்டுது. மைக்கை மடியிலை போட்டிட்டுப் பிரேக்கைப் பிடிச்சன். மைக்கை நிப்பாட்ட மறந்துபோனன்.

அண்ணை பின்னாலையிருந்து துவங்கினார். "எட கணேசு, உந்தப் பலகைக் கால் இடிச்ச முழங்கால் இப்ப பூசணிக்காய் மாதிரிக் கிடக்கு. உதுக்கு அவங்கள் வாங்கின இரும்புக்கு ஒரு மதகே கட்டியிருக்கலாம். படத்திலை ஆளின்ரை பல்லைப் பாத்தியே? நான் பிளாஸ்ரிக் கதிரையிலை தொங்கிக்கொண்டு போறன், அவர் பல்லைக் காட்டிக்கொண்டு நிக்கிறார். தவமணி பாவம், சேத்துக்கை நிக்கிறாள். அவளுக்கு ஒரு பலகை வைக்கலாம்."

நாள் முழுக்க ஸ்பீக்கருக்குக் கீழை இருந்து மரத்துப்போன காது, எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. றோட்டிலை படலையெல்லாம் திறக்குது. சனம் வெளியிலை வந்து எங்களைப் பாத்துச் சிரிக்குது. கட்சி ஓட்டோவுக்கு உப்பிடி ஒரு வரவேற்பை நான் என்ரை சீவியத்திலை காணேல்லை. சைக்கிள் கடை முதலாளி ஒராள் "ஐயா, முழங்காலுக்கு எண்ணெய் போடுங்கோ" எண்டு கத்தினார். அப்பத்தான் குனிஞ்சு மடியைப் பாத்தன். மைக்கிலை சிவப்பு லைற் எரிஞ்சுகொண்டு கிடக்குது.

ஆசுபத்திரி வாசலுக்குப் போகமுன்னமே அமைப்பாளற்றை போன் வந்திட்டுது.

"ஐசே, நான் தந்த பேப்பரிலை முழங்கால் எங்கை கிடக்கு?"

அடிக்கல்லுக்கு வந்த கிரவல்

முழங்கால் கதை ஊர் முழுக்கப் பரவினதாலையோ என்னவோ, முருங்கைக்காய்க்காரர் கெதியா அடிக்கல் நாட்டு விழா வைச்சினம். தலைவர் நேரை வாறாராம். மேடை போட வெளியிலை இடமில்லை. உள்ளுக்கை, செல்லத்துரை அண்ணை வீட்டுக்குப் பக்கத்து வெறும் வளவிலைதான் பந்தல். அப்ப தலைவரின்ரை வாகனம் உள்ளுக்கை வரவேணுமே. அவரைப் பிளாஸ்ரிக் கதிரையிலை தூக்கேலாதே. விழாவண்டு விடியப்புறம் உழவு மெசினிலை கிரவல் மண் கொண்டுவந்து வாய்க்காலுக்கை கொட்டி, பனங்குத்தியையும் மூடி, பலகையையும் கிளப்பி ஒரு பக்கத்துக்கு நகர்த்தி, தட்டி மட்டமாக்கிப்போட்டினம். மாசக்கணக்கா நடக்காத வேலை ஒரு காலமைக்குள்ளை முடிஞ்சுது.

தலைவர் வந்தார். கல்லு வைச்சார். சிக்கனத்தைப் பற்றிக் கதைச்சார். எங்களுக்கு றோல்சும் சோடாவும் தந்தவை. அவர் போன கையோடை நான் ஓட்டோவை உள்ளுக்கை விட்டன். செல்லத்துரை அண்ணை ஆசுபத்திரிக்குப் போகத் தன்ரை படலையிலையே ஏறினார். புதுச் சேட்டுப் போட்டிருந்தார், மாப்பிள்ளை மாதிரி. கதிரையை என்ன செய்யிறது எண்டு தெரியாமல் தவமணி அக்கா அதைக் கையிலை வைச்சுக்கொண்டு நிண்டா.

நான் சந்தோசமாத் திரும்பி வந்து பாத்தால், அக்கா கிரவலுக்குப் பக்கத்திலை குந்திக்கொண்டு இருக்கிறா. அப்பத்தான் எனக்கும் உறைச்சுது. அவவின்ரை வீடு வாய்க்கால் கரையிலை, பள்ளத்திலை. கிரவலுக்குக் கீழை தண்ணி போக ஒரு ஓட்டையும் இல்லை. மழை வந்தால் ஊர்த் தண்ணி முழுக்க அவவின்ரை குசினிக்கைதான். கிரவலை வெட்டினால் அண்ணை வீட்டுக்கு ஓட்டோ வராது. வெட்டாட்டில் அக்காவின்ரை வீடு போயிடும். வெட்டுவமோ அக்கா எண்டு கேட்டன். செல்லத்துரை அண்ணை வீட்டுப் பக்கம் ஒருக்காப் பாத்தா.

"வேண்டாம், அந்த மனிசன் போய்வரட்டும். தண்ணி வந்தால் நானும் ஆடும் உன்ரை ஓட்டோவிலை இருக்கிறம், நீ மட்டும் அந்த மைக்கை எடுக்காதை."

படம் வடிவா வாறதெண்டால்

எனக்கு இருப்புக் கொள்ளேல்லை. வானத்தை வானத்தைப் பாத்துக்கொண்டு திரியிறன். சபைக் கந்தோருக்குப் போனால், கிரவல் கொட்டினது தாங்களில்லை, அதாலை அதைத் தொடத் தங்களுக்கு உரித்தில்லை எண்டினம். முருங்கைக்காயிட்டைப் போனால், அடிக்கல் வைச்சாச்சு, இனி அடுத்த ஒதுக்கீட்டிலைதானாம்.

கடைசியாக் கத்தரிக்காய் அமைப்பாளரிட்டைப் போனன். அவரிட்டை மதகைப் பற்றிச் சொன்னால் கொட்டாவி விடுவார் எண்டு தெரியும். அதாலை முருங்கைக்காய்த் தலைவரின்ரை குரலிலை, அவர் அடிக்கல்லடியிலை பேசின பேச்சை அப்பிடியே பேசிக் காட்டினன். கையை ஆட்டினன், கண்ணை மூடினன், தண்ணி குடிச்சன். கத்தரிக்காயாருக்கு முதல் சிரிப்பு வந்தது, பிறகு கொதி வந்தது. அங்கை சனம் கை தட்டினதோ எண்டு கேட்டார். விழுந்து விழுந்து தட்டினது எண்டன். நான் சொன்ன பொய் அது ஒண்டுதான், அதுவும் றோல்ஸ் வாற நேரம் தட்டினதுதானே.

"ஆனால் அண்ணை, அவை குழாய் போடேல்லை. சீமெந்துக் குழாய் போடாமல் கிரவலைக் கொட்டினால் மழைக்குத் தண்ணி நிக்கும். ஆராவது ஒராள் வந்து குழாயைப் போட்டால், பிறகு மதகு அவருக்குத்தான் சொந்தமெண்டு சனம் சொல்லும்" எண்டன். தேர்தல் திகதி அறிவிச்சால் பிறகு உந்த விழாவொண்டும் வைக்கேலாது எண்டும் போட்டு வைச்சன். மனிசன் நாடியைத் தடவினார். யோசிச்சார்.

"ஒரு குழாயோ, ரெண்டு குழாயோ போட்டால் படம் வடிவா வரும்?"

ஆரின்ரை மதகு

நான் ரெண்டு எண்டுதான் சொன்னன், உங்களிலை ஆராயிருந்தாலும் அப்பிடித்தான் சொல்லியிருப்பியள். ரெண்டு நாளிலை, கத்தரிக்காய் அமைப்பாளர் முன்னுக்கு நிக்க, மண் தோண்டுற பெக்கோ மெசின் வந்து கிரவலைத் தோண்டினது. ரெண்டு பெரிய சீமெந்துக் குழாயை இறக்கினவை, குழாயிலை தங்கடை கட்சி நிறத்தைப் பூசியும் இருந்தவை. குழாய்க்கு மேலை மூட அதே கிரவலை அள்ளிப் போடேக்கைதான் முருங்கைக்காய் அமைப்பாளர் மோட்டச்சைக்கிளிலை வந்து குதிச்சார்.

"அது எங்கடை கிரவல்."

"அப்ப அள்ளிக்கொண்டு போ. குழாய் எங்கடை."

"எங்கடை கல்லு உங்கை கிடக்கு."

"கல்லுக்கு மேலையே தண்ணி ஓடுறது?"

ரெண்டுபேரும் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கொண்டு நிக்கினம். பெக்கோக்காரன் இஞ்சினை நிப்பாட்டிப்போட்டு இறங்கி வந்து வேடிக்கை பாக்கிறான். பாதியிலை விட்டிட்டுப் போனாங்கள் எண்டால் கிரவலும் இல்லை, குத்தியும் இல்லை, அடுத்த நாள் அண்ணைக்கு ஆசுபத்திரி. சனமெல்லாம் மதிலடியிலை நிக்குது. தவமணி அக்கா இடுப்பிலை சீலையைச் செருகிக்கொண்டு நேரை ரெண்டுபேருக்கும் நடுவிலை போனா. குரலை உயர்த்தேல்லை.

"கிரவல் உம்முடையது, குழாய் இவருடையது, சரி. ரெண்டும் வாங்கின காசு ஆரின்ரை? அதைச் சொல்லிப்போட்டு மிச்சத்தைச் சண்டை பிடியுங்கோ."

ரெண்டுபேரும் பெக்கோவைப் பாத்தினம். பெக்கோக்காரன் போய் இஞ்சினைப் போட்டான்.

முதல் மழை

ஐப்பசியிலை மழை பிடிச்சுது. விடியவிடிய ஒரே ஊத்தல். அண்டைக்கு ஆசுபத்திரி நாள். காலமை நான் முதல் ஓடிப்போய்ப் பாத்தது தவமணி அக்கா வீட்டை. குசினி காய்ஞ்சு கிடக்குது. வாய்க்கால் தண்ணி ரெண்டு குழாயாலையும் குமுறிக்கொண்டு ஓடுது, பூசின நிறம் கழண்டு போய்க்கொண்டிருக்கு. அக்கா ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டு நிண்டா. என்னைக் கண்டு, போ எண்டு கையைக் காட்டினா.

செல்லத்துரை அண்ணையை ஏத்திக்கொண்டு மதகடிக்கு வந்தன். கிரவல் மழையிலை கிண்டிப்போய் மேடும் பள்ளமுமாக் கிடக்கு, மேலை தார் போட இன்னும் ஒருத்தரும் வரேல்லை. அதுக்கு ஒரு படமும் வடிவா வராதே. ஓட்டோ குதிச்சுக் குதிச்சு ஒருமாதிரி அந்தப் பக்கம் ஏறினது. எனக்குக் கண் கலங்கிப்போச்சு, மழைத் தண்ணி எண்டு துடைச்சன். எப்பிடி அண்ணை, வந்திட்டமே எண்டு திரும்பிப் பாத்தன். மனிசன் ரெண்டு கையாலையும் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு என்னை முறைச்சுப் பாத்தார்.

"எட, தவமணி தூக்கிக்கொண்டு போகேக்கை ஒருநாளும் இப்பிடிக் குலுக்கினதில்லை."

எங்கடை காசிலை எங்கடை ஒழுங்கைக்கு ஒரு மதகு வாறதெண்டால், முதல்லை ரெண்டு பேரைச் சண்டைக்குக் கொழுவி விடவேணும், பிறகு ரெண்டு பேருக்கும் நன்றி சொல்லவேணும், அந்த நன்றியையும் நான்தான் மைக்கிலை வாசிக்கவேணும்.